பத்து டாலர் என்று சொன்ன பரிசோதனை: ஒரு கண் பில்லின் நிகழ்வு ஆய்வு

டெக்சஸில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஒரு மே மாதச் சனிக்கிழமை காலை, அங்கே அவருக்கு வெள்ளி இரவு, வாட்ஸாப்பில் எனக்கு மூன்று படங்கள் அனுப்பினார். முதலாவது, ஒரு கண் கிளினிக் 229 டாலர் கேட்டு அனுப்பியிருந்த பில். இரண்டாவது, அவருடைய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய ஈஓபி, அதாவது எந்தச் சேவைக்கு எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு ஏற்கப்பட்டது, யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று காட்டும் விளக்கத் தாள். மூன்றாவது, மார்ச் மாதம் அதே கிளினிக்கின் முன்மேசையில் அவர் 10 டாலர் கட்டியதற்கான ரசீது. படங்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது: "பத்து டாலர்னு சொல்லித்தானேம்மா உள்ளே விட்டாங்க, இது எங்கேர்ந்து வந்துது?"

என்னிடம் அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கேட்டு அனுப்பும் கிளெய்ம்களைப் பார்க்கும் வேலையில் நான் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் இரவுப் பணியில் ஏஆர் காலராகக் காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து ஏன் பணம் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அதன் பிறகு கோடிங் பக்கம், அதாவது நோயாளியின் பதிவேடான சார்ட்டைப் படித்து நோய்க்கும் சேவைக்கும் குறியீடு போடும் வேலைக்கு, வந்தேன், அதிலும் பெரும்பகுதி கண் துறைச் சார்ட்டுகள்தாம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒரு பில்லை நோயாளியின் பக்கத்திலிருந்து, அவருடைய கோபத்தோடு சேர்த்து, நான் பார்த்தது இதுவே முதல் முறை. அவருடைய சம்மதத்துடன், கிளினிக்கின் பெயரையும் இரண்டு காப்பீட்டு நிறுவனங்களின் பெயரையும் தவிர்த்து, இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

நோயாளிக்கு வயது 47. ஆறு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுக்கிறார், இன்சுலின் இல்லை. அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வழியாக அவரிடம் இரண்டு காப்பீட்டு அட்டைகள் உள்ளன. ஒன்று மருத்துவக் காப்பீடு. அதில் ஆண்டுக்கு 3,000 டாலர் டிடக்டிபிள். அந்தத் தொகையை அவரே கட்டித் தீர்த்த பிறகுதான் காப்பீடு பணம் தரத் தொடங்கும், அப்போதும் 20 விழுக்காடு அவர் பங்கு. மார்ச் வரை அதில் 410 டாலர்தான் கழிந்திருந்தது. இத்தகைய திட்டத்தோடு சேர்த்து, வரி பிடிக்காத பணத்தை மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கி வைக்கும் எச்எஸ்ஏ கணக்கும் அவருக்கு உண்டு. இன்னொரு அட்டை பார்வைத் திட்டத்துக்கு உரியது: ஆண்டுக்கு ஒரு கண் பரிசோதனைக்கு நோயாளி தன் பங்காகக் கட்டும் கோபே 10 டாலர், லென்ஸுக்கு 25 டாலர், ஃபிரேமுக்கு 150 டாலர் வரை சலுகை. ஊரில் ஒருவரிடம் இரண்டு ரேஷன் அட்டை இருந்தால் சந்தேகப்படுவார்கள். அங்கே கண்ணுக்கு இரண்டு அட்டை என்பது இயல்பான ஏற்பாடு.

ஒரே கண்ணுக்கு ஏன் இரண்டு அட்டை என்பதற்கு வரலாறுதான் விடை. அமெரிக்க மருத்துவக் காப்பீடு மருத்துவமனைப் படுக்கைக்காகப் பிறந்தது. 1929இல் டல்லாஸின் பெய்லர் மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 21 நாள் படுக்கை தருவதாக ஒப்புக்கொண்டது அதன் தொடக்கம். எதிர்பாராத பெருஞ்செலவைப் பலரும் சேர்ந்து தாங்குவது அதன் அடிப்படை. வெள்ளெழுத்து நாற்பது வயதைத் தாண்டும் அநேகமாக எல்லோருக்கும் வருவது, கண்ணாடிச் செலவு முன்கூட்டியே தெரிந்த செலவு. ஆகவே அது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப 1955இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில், கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் சிலர் சேர்ந்து ஓர் இலாப நோக்கற்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்று விஎஸ்பி என்று அறியப்படுவது அதுதான். பத்து ஆண்டு கழித்து, 1965இல் முதியோருக்கான மெடிகேர் சட்டம் வந்தபோது, கண்ணாடியும் கண்ணாடி எழுதித் தருவதற்கான பரிசோதனையும் அதில் சேராது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பவர் பார்ப்பதும் சேராது என்று 1967இல் திருத்தம் செய்தார்கள். 2010இன் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் 19 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பார்வைப் பராமரிப்பைக் கட்டாயப் பலன்களில் சேர்த்தது. பெரியவர்களை அப்படியே விட்டுவிட்டது.

பார்வைத் திட்டத்தைக் காப்பீடு என்று அழைப்பதில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. முன்பணம் கட்டி வாங்கிய சலுகைச் சீட்டு என்பதே அதற்குப் பொருந்தும் பெயர். யார் அதை நடத்துகிறார்கள் என்று பார்த்தாலே அதன் நாட்டம் புரியும்: விஎஸ்பி 2008இல் மார்ச்சான் என்ற ஃபிரேம் நிறுவனத்தையும் 2019இல் விஷன்வொர்க்ஸ் கடைகளையும் வாங்கியது, மற்றொரு பெரிய திட்டமான ஐமெட், லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைகளை வைத்திருக்கும் எசிலோர்லக்ஸாட்டிக்காவுக்குச் சொந்தம். பரிசோதனை என்பது அந்தக் கடைக்குள் நுழையும் வாசற்படி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல கண்ணோடு வருடத்துக்கு ஒரு முறை பவர் பார்த்துக் கண்ணாடி மாற்றுபவருக்கு இந்தத் திட்டம் மிகவும் சரியானது. கண்ணுக்குள் நோய் என்று ஒன்று வந்துவிட்டால் அது தன் கதவைச் சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

மார்ச் மாதத்து அந்தப் பிற்பகலில் என்ன நடந்தது என்பதை அண்ணனிடம் இரண்டு முறை, சற்றுத் துருவியே, கேட்டுத் தெரிந்துகொண்டேன். படிக்கும்போது எழுத்து மங்குகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவராகவே ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட் கிளினிக்கில் நேரம் வாங்கினார். வீடு மாறியதால் அந்தக் கிளினிக்குக்குப் புதியவர். முன்மேசையில் இரண்டு அட்டைகளையும் கேட்டு நகல் எடுத்தார்கள். பார்வைத் திட்ட அட்டையைப் பார்த்துவிட்டுப் பத்து டாலர் வாங்கினார்கள். ஒரு டேப்லெட்டைக் கொடுத்து நான்கைந்து இடங்களில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் மூன்றாவது பக்கத்தில், பரிசோதனையின் தன்மையைப் பொறுத்துக் கட்டணம் மருத்துவக் காப்பீட்டுக்கோ பார்வைத் திட்டத்துக்கோ அனுப்பப்படலாம் என்று ஒரு வாசகம் இருந்திருக்கிறது. அவர் படிக்கவில்லை, அவர் நிலையில் நானும் படித்திருக்க மாட்டேன். நோய்கள் என்ற தலைப்பின் கீழ் சர்க்கரை நோய்க் கட்டத்தைத் தொட்டார்.

பிறகு உள்ளே அழைத்த உதவியாளர் கணினியைப் பார்த்துக்கொண்டே, விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், குடும்ப மருத்துவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். ஆமாம், போன மாதம் இரத்தப் பரிசோதனை முடிவு சொல்லும்போது கண்ணையும் காட்டிவிடுங்கள் என்றார் என்று அண்ணன் பதில் சொன்னார். பேச்சுவாக்கில் சொன்னது. சொட்டு மருந்து விட்டு இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள். பாவை விரிந்த பிறகு டாக்டர் பார்த்ததில் வலது கண்ணின் விழித்திரையில், நடுப் பார்வைக்கான பகுதியான மாக்குலாவுக்குச் சற்றுக் கீழே, மூன்று சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் புடைத்து உண்டாகும் நுண்புடைப்புகள் அவை. மாக்குலாவில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்கள். நீர் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், ஒன்பது மாதத்தில் மறுபடி வாருங்கள் என்று சொல்லிக் கண்ணாடிக்கான சீட்டையும் கொடுத்தார்கள். அங்கேயே ஃபிரேமும் வாங்கினார். அதற்குப் பார்வைத் திட்டச் சலுகை ஒழுங்காகவே கிடைத்தது. ஒரே கடையில், ஒரே மாலையில், கண்ணாடிக்குச் செல்லுபடியான அட்டை கண்ணைப் பார்த்ததற்குச் செல்லவில்லை என்பதுதான் அவரை அதிகம் எரிச்சல்படுத்தியது.

ஈஓபியில் மூன்று வரிகள் இருந்தன. புதிய நோயாளிக்கான முழுக் கண் பரிசோதனை, 92004 என்ற குறியீடு: கிளினிக் கேட்டது 210 டாலர், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்த விலை 148. விழித்திரை ஓசிடி, 92134: கேட்டது 75, ஒப்பந்த விலை 41. பவர் பார்த்தது, 92015: கேட்டது 50, திட்டத்தில் இல்லாத சேவை. முதல் இரண்டு வரிகளில் ஒப்பந்த விலைக்கு மேற்பட்ட 96 டாலரைக் கிளினிக் தள்ளுபடி செய்தாக வேண்டும். நாங்கள் பார்க்கும் தாளில் அது சிஓ-45 என்று வரும். மீதி 189 டாலர் டிடக்டிபிளில் விழுகிறது, பிஆர்-1. மூன்றாவது வரியின் 50 டாலர் முழுவதும் நோயாளியின் பொறுப்பு, பிஆர்-96. ஆகக் கூடி 239. முன்மேசையில் கட்டிய பத்தைக் கழித்தால் 229. காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது சுழியம். கணக்கில் ஒரு டாலர்கூடப் பிழை இல்லை. பிழையில்லாத பில்லைப் பார்த்து ஒருவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. அந்த உணர்வு தவறு என்று நான் நினைத்திருந்த காலமும் உண்டு.

பில் சரியா என்பதற்கு ஈஓபி போதாது, சார்ட் வேண்டும். தன் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்குச் சட்டப்படி உண்டு என்பதால் அண்ணனை எழுதிக் கேட்கச் சொன்னேன். நான்கு நாளில் பிடிஎஃப் வந்தது. வருகைக்கான காரணம் என்ற முதல் பத்தியில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. கிட்டப் படிக்கும்போது மங்கல், கண்ணாடி மாற்றக் கோருகிறார் என்பது ஒன்று. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ஆறு ஆண்டுகள், விழித்திரைப் பரிசோதனைக்குக் குடும்ப மருத்துவர் அறிவுறுத்தியுள்ளார் என்பது மற்றொன்று. அந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்தபோதே எனக்குப் பில்லின் கதை முழுவதும் விளங்கிவிட்டது. உதவியாளர் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன 'ஆமாம்' அங்கே ஒரு வருகைக் காரணமாக மாறி உட்கார்ந்திருந்தது.

கண் பரிசோதனை மருத்துவக் காப்பீட்டுக்குப் போகுமா பார்வைத் திட்டத்துக்குப் போகுமா என்பதைப் பார்ப்பவர் யார் என்பது தீர்மானிப்பதில்லை. ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் கண்ணாடித் திட்டம், எம்டி படித்த கண் மருத்துவர் என்றால் மருத்துவக் காப்பீடு என்று அங்குள்ள நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். மெடிகேரே 1987 முதல் ஆப்டோமெட்ரிஸ்டுகளை, அவர்கள் உரிமத்துக்கு உட்பட்ட சேவைகளுக்கு, மருத்துவர்களாகவே கருதிப் பணம் தருகிறது. எந்த அட்டையை நீட்டினோம் என்பதும் தீர்மானிப்பதில்லை. எதற்காக வந்தார், வந்த இடத்தில் என்ன கண்டார்கள் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன, அவற்றிலும் முதலாவதற்கே எடை அதிகம். கண்ணாடிக்கென்று மட்டும் ஒருவர் வந்து, தற்செயலாக ஏதோ ஒரு கோளாறு தென்பட்டால், அன்றைய பரிசோதனையை வழக்கமான பரிசோதனையாகவே பார்வைத் திட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கோளாறைக் கவனிக்க இன்னொரு நாள் வரச் சொல்லி அதை மட்டும் மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்பும் கிளினிக்குகள் பல. ஆனால் கண்ணுக்குள் பூச்சி பறப்பது போல் தெரிகிறது, மின்னல் வெட்டுகிறது, கண் சிவந்து வலிக்கிறது, சர்க்கரைக்காக விழித்திரை பார்க்க வேண்டும் என்று சொல்லி வருபவரின் வருகை தொடக்கத்திலேயே மருத்துவ வருகை. முடிவில் கண் முழு நலமாக இருந்தாலும் அது மாறாது.

அண்ணனின் சார்ட்டில் இரண்டு காரணமும் இருந்தன, முடிவிலும் இரண்டு இருந்தன. கிளெய்ம் படிவமான சிஎம்எஸ்-1500இன் 21ஆம் கட்டத்தில் நோய்க் குறியீடுகளை ஏ, பி, சி என்று வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு சேவை வரிக்கும் எதிரே அந்த எழுத்துகளில் எது அதற்குக் காரணம் என்று சுட்ட வேண்டும். இங்கே ஏ என்பது வலது கண்ணில் தொடக்க நிலைச் சர்க்கரை நோய் விழித்திரைப் பாதிப்பு, இ11.3291. பி என்பது வெள்ளெழுத்து, எச்52.4. முழுப் பரிசோதனையும் ஓசிடியும் ஏயைச் சுட்டின. பவர் பார்த்தது பியைச் சுட்டியது. 92004 என்ற குறியீட்டைப் போட வேண்டுமானால் பரிசோதனையோடு நில்லாமல் நோயைக் கண்டறியும் அல்லது சிகிச்சை செய்யும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டிருக்க வேண்டும். ஓசிடி எடுத்து, குடும்ப மருத்துவருக்குக் கடிதம் அனுப்பி, ஒன்பது மாத மறுபரிசீலனை எழுதியிருந்ததால் அதுவும் சரி. மூன்று ஆண்டுகளுக்குள் அந்தக் கிளினிக்கில் அவர் வந்ததில்லை என்பதால் 'புதிய நோயாளி' என்பதும் சரி. இந்தச் சார்ட் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் இதே குறியீடுகளைத்தான் போட்டிருப்பேன். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு, எதிர்பார்த்த கேள்வி வந்தது: "அந்தச் சுகர் கோடை எடுத்துட்டு வெறும் கண்ணாடின்னு போட்டு மறுபடி அனுப்பச் சொல்லலாமா?" சொல்லக் கூடாது. விழித்திரையில் புள்ளி இருந்தது உண்மை. பணம் எங்கிருந்து வரும் என்பதற்காக நோயை அழிப்பது பொய்க் கிளெய்ம், அதைக் கேட்பவரையும் செய்பவரையும் அது பாதிக்கும். அதைவிடவும் முக்கியமாக, அடுத்த ஆண்டு அந்தக் கண்ணைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு இந்த ஆண்டின் பதிவு தேவை. முன்மேசையில் சர்க்கரையைச் சொல்லாமல் மறைத்திருக்கலாமோ என்றும் அவர் நினைத்திருக்கிறார். மறைத்திருந்தால் புள்ளிகள் மறைந்திருக்காது.

அப்படியானால் கிளினிக்கின் மீது குறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது குறியீட்டில் இல்லை. உதவியாளர் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தட்டச்சு செய்த நொடியில் பில் ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துவிட்டது. அது அவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் தெரியாது. சொட்டு மருந்து விடும் முன், ஐயா, இது இனி மருத்துவப் பரிசோதனை, உங்கள் டிடக்டிபிளில் விழும், வேண்டுமானால் இன்று கண்ணாடிக்கு மட்டும் பார்த்துவிட்டு விழித்திரைக்கு வேறு நாள் வாருங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். 2022 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் ஒன்று, காப்பீடு இல்லாதவருக்கும் காப்பீட்டைப் பயன்படுத்தாமல் கைப்பணம் தருபவருக்கும் முன்கூட்டியே செலவு மதிப்பீடு எழுதித் தர வேண்டும் என்கிறது. இரண்டு அட்டை வைத்திருந்த அண்ணனுக்கு அந்தத் தாளும் கிடைக்கவில்லை.

ஆர்வத்தால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாகப் பிரித்து வந்திருந்தால் முதல் நாள் பத்து டாலர். பவர் பார்ப்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டாம் நாள் அவர் பழைய நோயாளி ஆகிவிடுவதால் 92014, அதன் ஒப்பந்த விலை 126, அதோடு ஓசிடி 41. மொத்தம் 177. அதாவது பிரித்து வந்திருந்தால் மிச்சமாவது 62 டாலர். அதற்கு இன்னோர் அரை நாள் விடுப்பும் இன்னொரு முறை சொட்டு மருந்தும். கணக்கைப் பார்த்த அண்ணன், முன்பே சொல்லியிருந்தால் ஒரே நாளில் முடித்துக்கொண்டு 239ஐயே கட்டியிருப்பேன் என்றார். அவர் சண்டை தொகையைப் பற்றியது அல்ல, முன்பே சொல்லாததைப் பற்றியது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. அந்தக் குடும்ப மருத்துவர் ஏன் கண்ணைக் காட்டச் சொன்னார்? அமெரிக்கக் காப்பீட்டுத் திட்டங்களின் தரத்தை அளக்கும் ஹீடிஸ் அளவுகோல்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்பதும் ஒன்று. ஆகவே காப்பீட்டு நிறுவனமே கண்ணைப் பாருங்கள் என்று மருத்துவரையும் நோயாளியையும் நினைவூட்டிக்கொண்டிருக்கும். அண்ணனின் வீட்டு அலமாரியில் அத்தகைய கடிதம் ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. வரச் சொன்னதும் அந்த நிறுவனம், வந்ததற்கு ஒரு சல்லியும் தராததும் அந்த நிறுவனம். சட்டம் இங்கே அதன் கையைக் கட்டவில்லை. அதிக டிடக்டிபிள் உள்ள திட்டங்கள்கூட, நீண்டகால நோய் உள்ளவர்களுக்கான சில சேவைகளை டிடக்டிபிளுக்கு முன்பே தரலாம் என்று அமெரிக்க வருமான வரித் துறை 2019 ஜூலையில் அறிவித்தது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோயாளிகளுக்கான விழித்திரைப் பரிசோதனையும் உள்ளது. தரலாம் என்றுதான் சொன்னது, தர வேண்டும் என்று சொல்லவில்லை. அண்ணனின் நிறுவனத் திட்டக் கையேட்டைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். அவர்கள் அதைச் சேர்த்திருக்கவில்லை.

மெடிகேரில் இருப்பவருக்கு இதே வருகை வேறு விதமாக முடிந்திருக்கும். சர்க்கரை நோயாளியின் ஆண்டு விழித்திரைப் பரிசோதனையையும், கண் அழுத்த நோயான கிளாக்கோமா வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கான ஆண்டுப் பரிசோதனையையும், மருத்துவர் சேவைகளுக்கான அதன் பி பிரிவு ஏற்கிறது. அதன் ஆண்டு டிடக்டிபிள் 2025இல் 257 டாலர்தான், அதற்குப் பின் நோயாளி பங்கு 20 விழுக்காடு. கண்புரை அறுவைச் சிகிச்சையில் உள்லென்ஸ் வைத்த பிறகு ஒரு கண்ணாடியும் உண்டு. ஆனால் பவர் பார்க்கும் கட்டணத்தை மட்டும் அங்கேயும் கையிலிருந்துதான் தர வேண்டும். 1967இன் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு வாங்கும் வருகையாளர் காப்பீடு வேறு கதை. ஏற்கெனவே உள்ள நோய்களையும் வழக்கமான கண் பரிசோதனையையும் பொதுவாக அது தொடுவதில்லை. ஆகவே அம்மா ஒவ்வொரு முறையும் விமானம் ஏறும் முன் மதுரையில் கண்ணைக் காட்டிவிட்டு, உபரியாக ஒரு கண்ணாடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது அறிவுள்ள வழக்கம்தான்.

பில்லுக்கு வருகிறேன். ஃபிரேமுக்கும் லென்ஸுக்கும் பார்வைத் திட்டம் பயன்பட்டிருந்தது என்றேன். அதன் பரிசோதனைச் சலுகை மட்டும் அந்த ஆண்டுக்கு இன்னும் தொடப்படாமல் கிடந்தது. மருத்துவக் காப்பீட்டை முதலாவதாகவும் பார்வைத் திட்டத்தை இரண்டாவதாகவும் வைத்து, முதலாவது தராத பவர் பார்க்கும் கட்டணத்தையும், நோயாளி தலையில் விழுந்த பரிசோதனைத் தொகையில் ஒரு பகுதியையும் இரண்டாவதிடம் கேட்கலாம் என்று சில பார்வைத் திட்டங்கள் அனுமதிக்கின்றன. கோஆர்டினேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ் என்பார்கள். அண்ணனின் திட்டக் கையேட்டில் அந்தப் பிரிவு 31ஆம் பக்கத்தில் இருந்தது. எல்லாத் திட்டங்களிலும் இது இருக்காது, இருந்தாலும் அவ்வாண்டின் பரிசோதனைச் சலுகை அதோடு தீர்ந்துவிடும்.

அவர் மதிய உணவு இடைவேளையில் கிளினிக்கை அழைத்தார். முதல் முறை எடுத்தவர், பில் சரியாகத்தான் போயிருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார். அவர் சொன்னதும் உண்மையே. என்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன்: பில் தவறு என்று தொடங்காதீர்கள் அண்ணா, மருத்துவக் காப்பீட்டின் ஈஓபியை இணைத்துப் பார்வைத் திட்டத்துக்கு இரண்டாம் கிளெய்ம் அனுப்ப முடியுமா என்று மட்டும் கேளுங்கள், பில்லிங் பொறுப்பாளரைக் கேட்டுப் பேசுங்கள். இரண்டாம் முறை எடுத்த பெண்மணி இரண்டு நொடி யோசித்துவிட்டு, நாங்கள் அதைச் செய்வதுண்டு, கேட்டால்தான் செய்வோம் என்றாராம். ஏஆர் காலராக நான் இருந்த நாள்களில் எத்தனையோ கணக்குகளை நோயாளியின் பொறுப்பு என்று குறித்து மூடியிருக்கிறேன். அவற்றில் எத்தனை பேரிடம் இன்னோர் அட்டை சட்டைப் பையில் இருந்ததோ தெரியாது.

ஐந்து வாரம் கழித்துப் பார்வைத் திட்டம் 66 டாலர் தந்தது. மீதி 173, முன்பு கட்டிய பத்தைக் கழித்து 163 டாலரை எச்எஸ்ஏ கணக்கிலிருந்து கட்டினார். டிடக்டிபிள் கணக்கு 410இலிருந்து 599 ஆயிற்று. பவர் பார்த்த 50 டாலர் அதில் சேரவில்லை, திட்டத்தில் இல்லாத சேவை எப்போதும் சேராது.

டிசம்பரில் மறுபரிசீலனைக்கு நேரம் வாங்க அவரே அழைத்தார். சர்க்கரைக்கான விழித்திரைப் பரிசோதனை, கண்ணாடி பார்க்க வேண்டாம், மருத்துவக் காப்பீடு மட்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டு, 92014, 92134 ஆகிய இரண்டு குறியீடுகளுக்கும் தன் திட்டத்தின் ஒப்பந்த விலை என்ன என்று கேட்டார். எதிர்முனையில் இருந்தவர் நீங்கள் இந்தத் துறையில் வேலை பார்க்கிறீர்களா என்று விசாரித்திருக்கிறார். 167 டாலர் என்று சொன்னார்கள், 167 டாலருக்கே பில் வந்தது. ஓசிடி படத்தையும் விழித்திரைப் படத்தையும் எனக்கு அனுப்பியிருந்தார். மார்ச் மாதம் மூன்றாக இருந்த சிவப்புப் புள்ளிகள் இரண்டாகியிருந்தன.